மண் படாத சக்கரங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை நான்காவது வண்டி வந்து சேர்ந்தது. அதற்கு முன் வந்த மூன்றில் இரண்டு கடைக்கே திரும்பிப் போய்விட்டன. மூன்றாவது, கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. இப்போது இது வேறு. அட்டைப்பெட்டியின் மேல் இருந்த படத்தில் ஒரு தம்பதி, குழந்தையை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு மலைப்பாதையில் சிரித்தபடி ஓடினார்கள். முழங்கால் வரை சேறு. அந்தச் சேற்றைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது.

"இதுதான் கடைசி," என்றான் கணவன். மூன்றாவது வந்தபோதும் இதையேதான் சொன்னான்.

அவன் ஹெல்மெட் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். ஹெல்மெட்டை உயரத்திலிருந்து போட்டு உடைகிறதா என்று பார்ப்பது வேலை. உடையாவிட்டால் இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து போடுவான். அங்கே அவனுக்கு ரிஜெக்ட் என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டம் வாங்கிய மாதிரி வீட்டுக்கு வந்து சொன்னான். எரிச்சல் வரும்போது அவளும் அப்படிக் கூப்பிடுவாள். கொஞ்ச காலமாக அவள் வாயில் வேறு பெயரே வருவதில்லை.

ரிஜெக்ட் ஸ்ட்ரோலர் தேர்வு செய்கிற அழகைப் பார்க்க வேண்டும். கடையில் பதினாலு நாள் அவகாசம் தருகிறார்கள். பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம், ஆனால் சக்கரத்தில் மண் பட்டிருக்கக் கூடாது. மேடு, பள்ளம், மணல், சேறு எல்லாவற்றிலும் போவதற்கென்றே செய்த வண்டி. அதை மண்ணில் மட்டும் இறக்கக் கூடாது. இந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று அவள் காத்திருக்கிறாள். ரிஜெக்ட்டுக்கோ அது ஒரு பிரச்சினையே இல்லை. குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பிளாஸ்டிக் தொப்பியைச் சக்கரத்துக்கு ஒன்றாக மாட்டினான். கூடத்திலேயே ஒரு கரடுமுரடான பாதை போட்டான். ஜல்லிக்கு உருளைக்கிழங்கு, மணலுக்குத் தலையணை, சேற்றுக்கு ஈரத்துண்டு, நடைபாதை விளிம்புக்கு இரண்டு பழைய அகராதிகள். குழந்தைக்குப் பதிலாக ஒன்பது கிலோ மணல் மூட்டை. தோள்வார் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பதற்காக அதற்குக் குழந்தையின் சட்டையையே போட்டுவிட்டிருந்தான்.

மூட்டை ஜம்மென்று பவனி வந்தது. சட்டைக்குச் சொந்தக்காரி தரையில் தவழ்ந்து பின்னாலேயே போனாள். எட்டு மாதக் குழந்தை, உருண்டையாக இருப்பதால் வீட்டில் பட்டாணி. தன் சட்டையைப் போட்டுக்கொண்டு தன் வண்டியில் ஊர்வலம் போகிற இந்த ஆள் யார் என்று அவளுக்கு ஆத்திரம். ஜல்லியில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு கத்தினாள்.

"முன்சக்கரம் திரும்பாமப் பூட்டினா நேராப் போகுது. பூட்டை எடுத்தா இடதுபக்கம் இழுக்குது, கவனிச்சியா?" என்றான் ரிஜெக்ட்.

"உருளைக்கிழங்கு மேல ஏத்தினா எதுவும்தான் இழுக்கும்."

"ஸ்பிரிங் நல்லா வேலை செய்யுது. டயர்ல காத்து கம்மி. மணிக்கட்டுல மாட்டுற வார் இன்னும் ரெண்டு விரக்கடை நீளம் வேணும்."

"கீழ இறக்கி ஒரே ஒரு தடவை தெருவுல தள்ளிப் பாத்தா எல்லாம் தெரிஞ்சிடும்."

அவன் காதில் விழாத மாதிரி குறிப்பேட்டைத் திறந்தான். அதில் எழுபத்திரண்டு கேள்விகள் இருந்தன. கைப்பிரேக் எத்தனை அடியில் நிறுத்துகிறது, மடித்தால் எத்தனை அகலம், வெயில் மறைப்பு எந்தக் கோணம் வரை இறங்குகிறது. முதல் வண்டி வந்தபோது பதினெட்டுதான் இருந்தன. பட்டாணியைவிட வேகமாக அந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் பாதையைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. அவள் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் அளவு எடுப்பவள். தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், தெருத் தெருவாக, மாடி மாடியாக. கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். ரிஜெக்ட்டை அவள் முதன்முதலில் பார்த்ததே ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறப் போகிற ஒரு கூட்டத்தில்தான். வயிற்றில் ஏழு மாதத்தோடு ஏரியைச் சுற்றி வந்தவள் அவள்.

இப்போது வீட்டைச் சுற்றுகிறாள். படுக்கையறை ஜன்னலிலிருந்து கூடத்தின் வழியாகப் பால்கனி வரை இருபத்தாறு காலடி. மூன்றாவது வண்டி வந்தபிறகு வளைந்து போக வேண்டியிருப்பதால் இருபத்தொன்பது. காலையில் ஐம்பது நடை, பகலில் நூறு நடை, குட்டி போட்ட பூனை மாதிரி. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது மாடியிலிருந்து தெருவைப் பார்ப்பாள். கீழே போகிறவர்கள் எல்லாருக்கும் எங்கோ போக இடம் இருந்தது. குழந்தையோடு அவள் தனியாக வாசற்படி தாண்டிப் பதினோரு வாரமாகிறது. டாக்டரிடம் போனால்கூட ரிஜெக்ட் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவான், அவள் பையோடு பின்னால் போவாள். யாரும் அவளைப் பூட்டி வைக்கவில்லை. பூட்டியிருந்தால் கதவை உடைத்துக்கொண்டாவது போயிருப்பாள்.

பதினோரு வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. தெரு முழுக்கக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தோண்டியது அவளுடைய அலுவலகமே, அதனால் வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. அப்போது வீட்டில் இருந்தது மடக்கி வைக்கக்கூடிய சின்ன நாலு சக்கர வண்டி. பட்டாணியை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். வேகமாகத்தான் போனாள், மெதுவாக நடக்க அவளுக்குத் தெரியாது. பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையிலிருந்து ஜல்லியில் இறங்கிய இடத்தில் முன்சக்கரம் ஒன்று கழன்று ஓடியது. வண்டி குப்புறக் கவிழ்ந்தது. வார் பிடித்துக்கொண்டதால் பட்டாணி வெளியே விழவில்லை, ஆனால் நெற்றி கல்லில் இடித்துவிட்டது. அவ்வளவு சின்ன முகத்தில் அவ்வளவு ரத்தம் வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வண்டியை அங்கேயே போட்டுவிட்டுக் குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினாள். இரண்டு தையல். வேறொன்றும் இல்லை, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள்தான் விடவில்லை. "நான்தான் வேகமாத் தள்ளிட்டேன், நான்தான், நான்தான்" என்று அழுது தீர்த்தாள். ரிஜெக்ட் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. தெருவுக்குப் போய் வண்டியை எடுத்து, அப்படியே எங்கோ கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு, இருட்டுவதற்குள் வெறுங்கையோடு வந்தான். "அது நம்ம தெருவுக்கு லாயக்கில்ல. நல்ல ஸ்ட்ரோலராப் பாத்து வாங்கிடலாம். அதுக்கப்புறம் வெளிய போ," என்றான். அவன் என்ன சொல்லியிருந்தாலும் அன்றைக்கு அவள் தலையாட்டியிருப்பாள்.

ரிஜெக்ட்டின் அக்கா ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு தினமும் போன் செய்தாள். "விடும்மா, எல்லார் கையும் ஒரே மாதிரியா இருக்கும்? வேணும்னா செஞ்சே? இனிமே பாத்து இரு. இடுப்புல தூக்கிட்டும் வெளிய போகாதே, அந்தப் பள்ளத்துல கால் தடுக்கினா ரெண்டு பேரும் விழுவீங்க."

"சரிங்க அண்ணி."

"தூங்கறப்போ மூச்சு சீரா வருதான்னு அப்பப்பப் பாத்துக்கோ."

"பாத்துக்கறேன் அண்ணி."

அதற்குப் பிறகு பட்டாணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதற்கே அவள் சுவரைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். தன் கையை நம்பாதவள் எங்கே போவாள்?

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் போன் செய்தார். "என்ன எக்ஸ்பிரஸ், எப்பக் கிளம்பறதா உத்தேசம்?" என்று கேட்டுவிட்டுக் குரலை இறக்கினார். "இதோ பாரும்மா, பிரசவ லீவு முடியுது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னண்டுக்குள்ள நீ நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாதான் மறுபடியும் வேலை. போன்ல சொன்னா செல்லாது. வரலேன்னா லீவு இன்னும் ஒரு வருஷம்னு எழுதிட்டு, உன் தெருவையெல்லாம் வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. பக்கத்துக் காப்பகத்துல உன் பொண்ணுக்கு ஒரு தொட்டில் சொல்லி வெச்சிருக்கேன். என் பேச்சைக் கெடுத்துடாதே."

அலுவலகம் இரண்டு கிலோமீட்டர். தோண்டிய தெருவைத் தாண்டினால் ஏரிக்கரை ஓரமாக ஜல்லிப் பாதை. ஆட்டோ, பஸ் எதுவும் உள்ளே வராது. தினமும் குழந்தையைத் தள்ளிக்கொண்டு அதில்தான் போக வேண்டும், அதில்தான் வர வேண்டும்.

அன்று சாயங்காலம் ரிஜெக்ட்டிடம் சொன்னாள். அவன் அகராதிகளை இன்னும் ஒரு அங்குலம் உயர்த்திக்கொண்டிருந்தான்.

"ஒரு வருஷம் இருந்துட்டுத்தான் போயேன். என்ன குடி முழுகிடப் போகுது? அதுக்குள்ள வண்டியும் முடிவாயிடும்."

"ஒரு வருஷத்துல அவளே ஓட ஆரம்பிச்சுடுவா. அப்புறம் வண்டி எதுக்கு?"

"அவ பாதுகாப்பைவிட உனக்கு மீட்டர் முக்கியமா?"

அதைச் சொன்னதும் அவனுக்கே சுருக்கென்றது, முகத்தில் தெரிந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் விடுப்பு நீட்டிப்பு விண்ணப்பத்தைத் தன் முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பிக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி.

இரண்டு நாள் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. புதன்கிழமை சாயங்காலம் பட்டாணி சமையலறை வாசலில் இருந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தாள். வண்டி நகர்ந்தது. தரையில் தொப்பென்று உட்கார்ந்து, பின்மண்டை கதவில் லேசாக இடித்து, வீடே அதிர அழுதாள். எந்தக் குழந்தையும் தினம் நாலு தடவை இப்படித்தான் விழும். ஆனால் ரிஜெக்ட் தலையைத் தூக்கிக் குழந்தையை அல்ல, அவளைப் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான். அவள் போய் ஃப்ரிட்ஜ் மேலிருந்து தாளை எடுத்து, புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை காலைல போற வழியில நானே குடுத்துடறேன்," என்று அவன் அதை மடித்துப் பைக்குள் வைத்தான். அப்போது அவன் விட்ட பெருமூச்சு அவளுக்குக் கேட்டது. தன்னைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்ட திருப்தி என்று நினைத்துக்கொண்டாள். பால்கனிக்குப் போய்ப் போய் வந்தாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. எதிர்ச்சந்தில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், கையில் காற்றடிக்கிற பம்போடு நின்றார். சக்கரத்தில் மண் படக் கூடாது என்பதால் ரிஜெக்ட் அவரை வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தான். கூடத்தைப் பார்த்தவருக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிளாஸ்டிக் தொப்பி போட்ட சக்கரங்கள், உருளைக்கிழங்கு, அகராதி, சட்டை போட்ட மணல் மூட்டை.

"ஏம்மா, மூட்டைக்குப் பேரு வெச்சாச்சா?" என்றார்.

பதினோரு வாரத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

பேச்சுத்துணை இல்லாவிட்டால் அவருக்குக் கை ஓடாது போலிருக்கிறது. காற்றடித்துக்கொண்டே டயரைப் பற்றிப் பேசினார், ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசினார். நல்ல வண்டி, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார். பிறகு முன்சக்கரத்தைக் கழற்றி மறுபடி உள்ளே விட்டார்.

"இதைப் பாத்துக்கம்மா. இப்ப உக்காந்துட்ட மாதிரிதானே தெரியுது? தள்ளினா ஓடவும் ஓடும். ஆனா 'டக்'னு சத்தம் வரல, அப்ப பூட்டு விழலேன்னு அர்த்தம். நாலு குலுக்கல்ல தனியா வந்துடும்." அழுத்தினார். டக்கென்றது. "இப்ப விழுந்துச்சு. மாட்டினதும் ஒரு தடவை இழுத்துப் பாத்துடணும். போன தடவை சார் அதைத்தானே விட்டுட்டாரு."

"எந்தத் தடவை?"

"அந்தச் சின்ன வண்டிதாம்மா. காலைலதான் சக்கரத்தையெல்லாம் கழட்டி எண்ணெய் போட்டு மாட்டினேன்னாரு. உடைஞ்சிடுச்சுன்னு நெனச்சுக் கொண்டு வந்தாரு, ஆனா ஒண்ணும் உடையல. நான் மாட்டினேன், டக்குனு விழுந்துச்சு. சார் முகத்துல ஈயாடல. அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. தண்ணி குடுத்தேன், குடிக்கல. வண்டி வேணாம், நீங்களே வெச்சுக்குங்கன்னாரு. இப்ப எம் பேரன் அதுலதான் போறான். இதே தெருவுலதான் தள்ளிட்டுப் போறோம், இன்னிவரைக்கும் ஒரு குறை கிடையாது. உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியும்," என்றாள் அவள். தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. வெளி ஆளுக்கு முன்னால் அவனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அந்தப் பாழாய்ப்போன மனத்தை என்ன செய்வது.

அவர் போனபிறகு தரையில் உட்கார்ந்தாள். அந்தச் சனிக்கிழமை காலை, ரிஜெக்ட் பால்கனியில் பேப்பரை விரித்து நாலு சக்கரத்தையும் வரிசையாக வைத்து எண்ணெய் விட்டது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கிறீச்சென்று சத்தம் வருகிறது என்று சொன்னவளே அவள்தான். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லை. ஊரில் உள்ள ஹெல்மெட்டையெல்லாம் போட்டு உடைத்துப் பார்க்கிறவன் மாட்டிய சக்கரம் கழன்று வரும் என்று யாருக்குத் தோன்றும்? அதைவிட, தப்பு தன்னுடையது என்று அவள் அவ்வளவு சீக்கிரம் முடிவுகட்டிவிட்டாள். வேறு ஆளைத் தேடவே இல்லை.

எழுந்து மணல் மூட்டையைத் தூக்கி மூலையில் எறிந்தாள். தொப்பிகளைக் கிழித்தாள். முன்சக்கரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. பின்சக்கரங்களையும் இழுத்தாள். பட்டாணியை உட்காரவைத்து ஐந்து வாரையும் மாட்டினாள். பட்டாணி உட்கார்ந்த உடனே காலை ஆட்டி, கிளம்பலாம் என்கிற மாதிரி சத்தம் போட்டாள்.

தப்பு தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் கை பழைய கையாகிவிடும் என்று நினைத்தாள். ஆகவில்லை. லிஃப்ட்டில் உள்ளங்கை வியர்த்து கைப்பிடி வழுக்கியது. வாசலில் இரண்டு தடவை நின்று திரும்பிவிடலாமா என்று பார்த்தாள். அந்தப் பலகை வந்தது, அதற்குப் பிறகு அந்த ஜல்லி. கண்ணை மூடிக்கொள்ளாத குறைதான். பெரிய சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். பட்டாணி தன் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு மரத்தைப் பார்த்தாள். இதற்காகவா, இந்த ஒரு சாண் ஜல்லிக்காகவா என்று அவளுக்கு நடுத்தெருவில் அழுகை வந்தது. அழுதுகொண்டே தள்ளினாள். போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

ஏரிக்கரைக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. கால் பழக்கம் விட்டுப்போயிருந்தது. வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து அலுவலகத்தை அடைந்தபோது பன்னிரண்டரை.

"எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆயிடுச்சே!" என்று மேற்பார்வையாளர் எழுந்து வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கேலியை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்க. இன்னிக்கே போடலாமா?"

"தாராளமா. போட்டா நாளைலேர்ந்து வேலை."

"என் கையெழுத்தோட வேற ஏதாவது பேப்பர் வந்தா?"

"இதுல போட்டுட்டேன்னா அது குப்பைக்கு."

போட்டாள். காப்பகத்தைப் பார்த்தாள். தொட்டில் ஜன்னலோரமாக இருந்தது. திரும்பி வருகிற வழியில் ஏரிக்கரைச் சேற்றில் வண்டியை வேண்டுமென்றே இறக்கினாள்.

ஐந்து மணிக்கு ரிஜெக்ட் வந்தான். பால்கனி வழியாக வெயில் கூடம் வரை நீண்டிருந்தது. நடுக்கூடத்தில் வண்டி, அதன் மூன்று சக்கரத்திலும் காய்ந்த சேறு, வாசலிலிருந்து அதுவரை தரையில் மூன்று கோடு. அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வெளிய போனியா? இதை இனிமே திருப்பிக் குடுக்க முடியாதே..."

"குடுக்க வேணாம். காத்தடிக்க சைக்கிள் கடைக்காரர் வந்தார்."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அகராதிகளின் மேலேயே உட்கார்ந்தான். பட்டாணி தவழ்ந்து போய் அவன் முழங்காலைப் பிடித்து எழுந்தாள். தூக்கிக்கொண்டான்.

"அன்னிக்கு சாயந்தரமே சொல்லணும்னுதான் வந்தேன்," என்றான். "சத்தியமா. மாடிப்படி ஏறும்போதுகூட எப்படிச் சொல்றதுன்னு சொல்லிப் பாத்துட்டேதான் வந்தேன். உள்ள வந்தா, நீ இவளை மடில போட்டுக்கிட்டு 'நான்தான், நான்தான்'னு அழுதுட்டு இருந்தே."

"சரி."

"நீ அழறதைப் பாத்ததும்..."

"பாத்ததும்?"

அவன் குழந்தையின் நெற்றியில் இருந்த தழும்பைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நிம்மதியா இருந்துச்சு," என்றான்.

அடிக்கலாம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. கையும் எழுந்தது. அவன் தலையைக் குனிந்துகொள்ளவில்லை, அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தான். குழந்தை அவன் மடியில் இருந்தது. அவள் கையைக் கீழே போட்டாள்.

"அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்லணும்னு நினைப்பேன். ஒரு நல்ல வண்டியா, கழண்டே வராத வண்டியா ஒண்ணு வாங்கிட்டா, அதுக்கப்புறம் சொல்லிடலாம்னு. எதைப் பாத்தாலும் கழண்டுடும்னே தோணுச்சு."

"பதினோரு வாரம். இந்த வீட்டுக்குள்ள நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். நீ பாத்துட்டே இருந்தே. அது என் பயமே இல்ல. உன் பயத்தை நான் பயந்துட்டு இருந்திருக்கேன்."

அவன் அழுதான். அவளுக்கு இரக்கம் வந்தது, அது வந்ததற்காக எரிச்சலும் வந்தது. சமாதானம் சொல்லப் போகவில்லை. அன்றைக்கு அவள் அழுதபோது அவன் எப்படி நின்றானோ அப்படியே நின்றாள்.

"உன் அக்காவுக்குப் போன் போடு," என்றாள்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

போட்டான். அக்கா எடுத்ததும் வழக்கம்போல, "பட்டாணி எப்படி இருக்கா? அவ ஒழுங்காப் பாத்துக்கறாளா?" என்று கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

"அக்கா, வண்டி ஒண்ணு முடிவாயிடுச்சு," என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "அக்கா, அன்னிக்குச் சக்கரம் கழண்டது இவ தள்ளினதால இல்ல. நான்தான் சரியா மாட்டல. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அந்தப் பக்கம் வார்டில் ஏதோ குழந்தை அழுவது மட்டும் கேட்டது. பிறகு அக்கா, "போனை அவகிட்ட குடுடா," என்றாள். குரல் உடைந்திருந்தது.

அவன் போனை நீட்டினான். அவள் வாங்கவில்லை. பட்டாணியை மட்டும் அவன் மடியிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு சாயந்தரம் பேசறேன்னு சொல்லு," என்றாள். "காலைல எட்டு மணிக்கு எனக்கு வேலை."